பயாப்சி ரிப்போர்ட்டில் "லிம்போசைட்டுகள் கட்டியின் ஓரத்தில்" என்று இருக்கிறது. உள்ளே போகாமல் ஏன் நிற்கின்றன?

டிக்கோயா மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 57 வயது, முப்பது வருடத்துக்கு மேல் மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். போன வருடம் வலது கன்னத்தின் உள்பக்கத்தில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. ஒரு மருந்துக்கடையில் கொடுத்த களிம்பை நாலு மாதம் பூசிக்கொண்டிருந்தோம், அந்த நாலு மாதத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அப்புறம்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போய், சதை எடுத்துப் பார்த்து, ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது வாய்ப் புற்று என்று சொன்னார்கள். ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, கழுத்து நிணநீர் நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் கதிர் சிகிச்சை தொடங்கும்.

சிகிச்சையைப் பற்றிக் கேட்க நான் வரவில்லை, அது டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள். எனக்குத் தூக்கம் வராமல் செய்வது வேறொன்று. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும், "அவளுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை, பனியிலும் மழையிலும் நின்று, ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டாள், அதனால்தான் இந்த நோய் பிடித்தது" என்று அம்மா காதுபடவே சொல்கிறார்கள். அம்மாவும் அதை நம்பி, தன் மேல்தான் குற்றம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மாமா ஒருவர் எதிர்ப்பு சக்தி கூட்டும் மாவு என்று ஒரு டின் கொண்டுவந்திருக்கிறார், அதன் விலை அம்மாவின் பல நாள் சம்பளம்.

ஆனால் கொரோனா வந்தபோது எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே படுத்துக் கிடந்தன, அம்மாதான் நாலே நாளில் எழுந்து எல்லோருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அப்படிப்பட்ட உடம்புக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று எப்படிச் சொல்வது? ரிப்போர்ட்டிலும் "லிம்போசைட்டுகள் கட்டியின் விளிம்பில் திரண்டுள்ளன, உள்ளே குறைவு, ஸ்ட்ரோமா அடர்த்தியாக உள்ளது" என்று எழுதியிருக்கிறது. நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள், லிம்போசைட் என்றால் எதிர்ப்புச் செல் என்று தெரியும். வாசல் வரைக்கும் வந்த செல் ஏன் உள்ளே போகவில்லை? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், அம்மாவுக்கு என் வாயால் சொல்ல வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

தங்கச்சி, நான் பண்டாரவளைப் பக்கம். சதைத் துண்டுகளை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றும் வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன், டொக்டர் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் நீங்கள் வாசித்த அந்தக் காட்சியைக் கண்ணால் நிறையத் தடவை பார்த்தவன். லிம்போசைட்டுகள் கருநீலப் பொட்டுகளாகத் தெரியும், நார் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சில தகடுகளில் நீலப் பொட்டுகள் புற்றுச் செல்களுக்கு நடுவிலேயே சிதறிக் கிடக்கும். சிலவற்றில் ஒரு பொட்டுகூட இருக்காது. இன்னும் சிலவற்றில், உங்கள் அம்மாவுடையதைப் போல, கட்டியைச் சுற்றி வளைத்து நிற்கும், உள்ளே மட்டும் போயிருக்காது. புற்றுநோய் ஆய்வில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், முதலாவது சூடான கட்டி, இரண்டாவது குளிர்ந்த கட்டி, மூன்றாவது வெளியே நிறுத்தப்பட்ட வகை. ஆக, எதிர்ப்புச் செல் வராமல் போகவில்லை, வந்த இடத்தில் தடுக்கப்பட்டிருக்கிறது. இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

லிம்போசைட்டில் டி செல் என்று ஒரு வகை உண்டு, அது புற்றுச் செல்லைக் கொல்ல வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் வர வேண்டும் தெரியுமா? கட்டியிலிருந்து செத்து விழும் செல்களின் புரதத் துண்டுகளை டென்ட்ரிட்டிக் செல் என்ற இன்னொரு எதிர்ப்புச் செல் பொறுக்கி எடுத்துக்கொண்டு கழுத்து நெறிக்குப் போகிறது. அங்கே அந்தத் துண்டோடு பொருந்தும் டி செல்லைக் கண்டு தட்டி எழுப்புகிறது, அது பல்கிப் பெருகி இரத்தத்தில் இறங்கி, கட்டி இருக்கும் இடத்தில் இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டி, வெளியே வந்து, திசுவுக்குள் ஊர்ந்து போய், புற்றுச் செல்லைத் தொட்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே இறக்கிவிட வேண்டும். தொட்டால்தான் கொல்ல முடியும், தூரத்தில் நின்று ஒன்றும் ஆகாது. கட்டியோ தன்னைச் சுற்றி ஒரு சூழலை உண்டாக்கிக்கொண்டு இந்த வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் கை வைக்கிறது.

முதலில் இரத்தக் குழாய். கட்டி வேகமாக வளரும்போது உள்ளே ஒட்சிசன் போதாது, அப்போது விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. அவசரத்தில் முளைத்த குழாய்கள் கோணலாகவும் ஒழுகலாகவும் இருக்கும், டி செல் பிடித்து இறங்குவதற்கான ஒட்டும் மூலக்கூறுகளும் அவற்றின் சுவரில் குறைந்துபோகும். அதே விஇஜிஎஃப் டென்ட்ரிட்டிக் செல்லை முதிரவிடாமலும் தடுக்கிறது.

அப்புறம் நார். உங்கள் ரிப்போர்ட்டில் ஸ்ட்ரோமா அடர்த்தி என்று வந்தது இதுதான். நம் உடம்பில் காயம் ஆறும்போது தழும்பு போடுகிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவை கொலாஜன் நாரைப் பின்னிக்கொண்டே இருக்கின்றன. டி செல் நாருக்குள் மாட்டி, நார் போகும் திசையிலேயே, அதாவது கட்டியைச் சுற்றிச் சுற்றியே ஊர்கிறது, உள்ளே திரும்புவதில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்று ஒரு சமிக்ஞைப் புரதம் இருக்கிறது, நாரைப் பின்னச் சொல்வதும் அதுதான், டி செல்லின் கையைக் கட்டுவதும் அதுதான். டுவோராக் என்ற ஆய்வாளர் 1986இல் புற்றுக் கட்டிகளை "ஆறாத காயங்கள்" என்று சொன்னார். எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியவில்லை. காயம் ஆறுகிற நேரத்தில் எதிர்ப்புச் செல்கள் அடங்கிப் போவதுதான் உடம்பின் வழக்கம், இல்லாவிட்டால் புதுத் திசுவையே அழித்துவிடும். அந்த நல்ல வழக்கத்தைக் கட்டி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. மெக்ரோபேஜ் செல்களும் அப்படித்தான், கிருமியைத் தின்ன வேண்டியவை அங்கே போனதும் காயத்துக்கு மருந்து போடுகிறவையாக மாறி, கட்டியை வளர்த்துவிடுகின்றன.

இவ்வளவையும் தாண்டி ஒரு டி செல் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சாப்பாடு இல்லை. புற்றுச் செல்கள் ஒட்சிசன் இருந்தாலும்கூட குளுக்கோஸை லக்டிக் அமிலமாக மாற்றிக் கொட்டும் பழக்கம் உள்ளவை. ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கண்டுவிட்டார். டி செல்லுக்கும் சண்டை போட குளுக்கோஸ் வேண்டும். பட்டினியும் புளிப்புமான இடத்தில் அது எப்படி வேலை செய்யும்? அதோடு, எதிர்ப்பை அடக்குவதற்கென்றே உடம்பில் இருக்கும் ஒழுங்காக்கும் டி செல்களும் அங்கே வந்து குவிகின்றன.

மாவு டின்னைப் பற்றிக் கேட்டால் என் பதில் இதுதான். எத்தனை எதிர்ப்புச் செல் இருக்கிறது என்பதில் சிக்கல் இல்லை, அவை போய் நிற்கும் இடத்தில்தான் சிக்கல். இரத்தத்தில் செல்லைக் கூட்டினாலும் அது அதே ஓரத்தில்தான் போய் நிற்கும்.

கொந்தரப்பு எழுதியது:

தங்கச்சி, எங்கள் அப்பாவுக்கும் வாயில்தான் வந்தது, ஆறு வருடத்துக்கு முன். இந்த "எதிர்ப்பு சக்தி இல்லாதவன்" பேச்சை நாங்களும் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள். அப்பா ஒரு மூட்டை உரத்தைத் தூக்கிக்கொண்டு செங்குத்து மலையில் ஏறின மனுசன்.

மேலே அண்ணன் சொன்னதைப் படித்ததும் தோட்டத்து வேலைதான் ஞாபகம் வந்தது. பழைய தேயிலையைப் பிடுங்கின மலையில் யாரும் உடனே புதுக் கன்று வைப்பதில்லை. மானாப்புல்லோ குவாட்டமாலாப்புல்லோ நட்டு, ஒன்றரை இரண்டு வருடம் விட்டு, மண் தேறின பிறகுதான் கன்று. எவ்வளவு நல்ல கன்றாக இருந்தாலும் மண் ஏற்காவிட்டால் பிடிக்காது. லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற சத்திரசிகிச்சை டொக்டர் 1889லேயே இதைச் சொல்லியிருக்கிறார் என்று வாசித்தேன். மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் விவரங்களைப் பார்த்து, புற்று எல்லா உறுப்பிலும் ஒரேமாதிரிப் பரவவில்லை, சில உறுப்புகளைத்தான் தேடிப் போகிறது, விதையை மட்டும் பார்த்தால் போதாது, மண்ணையும் பார்க்க வேண்டும் என்று எழுதினாராம்.

மாவு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். நாங்கள் வாங்கினோம். அப்பாவுக்கு வாய் வெந்துபோய் ஒன்றும் விழுங்க முடியாத நேரத்தில் அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் வாங்கியிருக்கலாம். கதிர் சிகிச்சை நேரத்தில் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை, அதற்குக் காசை வையுங்கள். டின்னை வீசச் சொல்லவில்லை, கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

டிக்கோயா மகள் எழுதியது:

நுண்ணோக்கி அண்ணே, கொந்தரப்பு அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது. நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ என் செல்லு வந்துதான் நிற்குது" என்று கேட்டார், ஒரு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

இன்னொரு கேள்வி. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகன், கொழும்பில் ஒரு ஊசி இருக்கிறது, பிடி-எல்1 என்று ஒரு டெஸ்ட் செய்து பார்த்துப் போடுவார்கள், அது எதிர்ப்பு சக்தியையே எழுப்பிவிடும் என்றார். அப்படியென்றால் மாமா சொன்னதும் ஒருவகையில் சரிதானே? அதுவும் இதுவும் ஒன்றா?

மகாவலிக் கரை எழுதியது:

பேராதனையில் மருத்துவம் படித்து இப்போது புற்றுநோய்ப் பிரிவில் பயிற்சியில் இருப்பவள் நான். உங்கள் அம்மாவின் சிகிச்சை பற்றி இங்கே முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லலாம்.

டி செல்லின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவின் குழு 1992இல் அதைக் கண்டுபிடித்தது. நம் சொந்தத் திசுவை டி செல் அடித்து நொறுக்கிவிடாமல் இருக்கத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிரேக்கை அழுத்தும் விரல்தான் பிடி-எல்1. இதில் என்னை மிகவும் உலுக்கிய விஷயம் ஒன்று: டி செல் உள்ளே போய்ப் புற்றுச் செல்லை அடையாளம் கண்டு, சண்டை தொடங்கும்போது இன்டர்ஃபெரோன் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கிறது, அந்த இன்டர்ஃபெரோனைக் கண்டதும்தான் பல புற்றுச் செல்கள் பிடி-எல்1ஐ மேலே தள்ளுகின்றன. அதாவது டி செல் போட்ட சத்தமே அதை அடக்கும் விரலை வரவழைக்கிறது. நாள்பட இப்படியே அழுத்தப்பட்டுக் கிடந்தால் டி செல் சோர்ந்து, பிறகு பிரேக்கை எடுத்தாலும் முழுதாக மீளாத நிலைக்குப் போய்விடும்.

பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் அந்த விரல் பிரேக்கில் படாமல் மறைக்கும் மருந்துகள். இரண்டும் 2014இல் அமெரிக்காவில் முதலில் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அனுமதி பெற்றன. ஹோஞ்சோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கில் வேலை செய்த ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. வாய், தொண்டைப் புற்று திரும்பி வந்தவர்களுக்கும் பரவியவர்களுக்கும் முதல் சிகிச்சையாக பெம்ப்ரோலிசுமாப் 2019இல் அனுமதிக்கப்பட்டது. 2025 ஜூனில், ஒப்பரேஷன் செய்யக்கூடிய ஆனால் முற்றிய கட்டிகளுக்கு ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுக்கவும் அங்கே அனுமதி வந்தது. ஆனால் தலை, கழுத்துப் புற்றில் இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்த பெரிய ஆய்வில் கட்டி நன்றாகச் சுருங்கியது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான். மற்ற ஐந்து பேருக்கு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடினால் நுண்ணோக்கி அண்ணன் எழுதிய அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். டி செல் பக்கத்திலேயே இல்லாவிட்டால் பிரேக்கை எடுத்து என்ன பயன்? நாரும் டிஜிஎஃப்-பீட்டாவும் வெளியே நிறுத்தி வைத்திருந்தால் ஓடுவதற்கு வண்டியே அங்கே இல்லை.

பிடி-எல்1 டெஸ்ட்டில் புற்றுச் செல்லை மட்டும் எண்ணுவதில்லை. வாய்ப் புற்றுக்குப் பயன்படுத்தும் சிபிஎஸ் என்ற கணக்கில் பிடி-எல்1 சாயம் பிடித்த புற்றுச் செல், லிம்போசைட், மெக்ரோபேஜ் மூன்றையும் கூட்டி, மொத்தப் புற்றுச் செல் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். அக்கம்பக்கத்தையும் சேர்த்து எண்ணும் டெஸ்ட் அது.

மாமாவின் மாவும் இதுவும் ஒன்றல்ல. மாவு பொதுவாகச் சக்தியைக் கூட்டும் என்கிறார்கள், இது ஒரே ஒரு பிடியைத் தளர்த்துகிறது. அப்படித் தளர்த்தினாலே சிலருக்கு எதிர்ப்புச் செல்கள் தைரொய்ட்டையும் நுரையீரலையும் குடலையும் தாக்கி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்று நினைக்கிறவர்கள் அந்த நோயாளிகளை ஒருதடவை பார்க்க வேண்டும். விலையும் இங்கே எல்லோருக்கும் எட்டுவதாக இல்லை, அதனால் டொக்டர் சொல்லாமல் நீங்களாகக் கடன் வாங்கி ஓட வேண்டாம், உங்கள் அம்மாவுக்கு அது தேவைப்படுகிற நிலையே வராமல் போகலாம்.

நுண்ணோக்கி அண்ணனிடம் இரண்டு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. வாய்ப் புண்ணின் ஓரத்தில் லிம்போசைட் திரள்வது முழுக்கப் புற்றுக்காகத்தான் என்று சொல்ல முடியாது, புண்ணில் குடியேறிய கிருமிகளுக்காகவும் வரும். இரண்டாவது, சுற்றியுள்ள எல்லாமே எதிரி என்ற மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடக் கூடாது. 2014இல் எலிகளின் கணையப் புற்றில் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை அழித்துப் பார்த்தார்கள், கட்டி சாந்தமாகும் என்று எதிர்பார்த்தால் அது இன்னும் முரடாகிவிட்டது. அந்த நார்ச் செல்களில் சில கட்டியைக் கட்டுப்படுத்தியும் வைத்திருந்திருக்கின்றன. சில கட்டிகளுக்குள் பி செல் என்ற இன்னொரு வகை லிம்போசைட்டும் டி செல்லும் சேர்ந்து சின்ன நெறி மாதிரியே ஒரு கூட்டை அமைத்துக்கொள்கின்றன, அது இருக்கிறவர்களுக்கு இந்த ஊசி நன்றாக வேலை செய்வதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதே சூழல்தான் உதவியும் செய்கிறது.

நுண்ணோக்கி எழுதியது:

கிருமி விஷயம் சரி, நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் பற்றியும் ஏற்றுக்கொள்கிறேன். தங்கச்சி அம்மாவிடம் சொல்லும்போது "வந்து நிற்கிறது" என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், "புற்றுக்காக மட்டும்தான் வந்தது" என்று சேர்க்க வேண்டாம்.

ஓரத்தில் நிற்பதா உள்ளே இருப்பதா என்பது வெறும் வர்ணனை இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2006இல் பாரிசில் ஒரு குழு பெருங்குடல் புற்றுத் தகடுகளை எடுத்து, கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் டி செல் எத்தனை என்று எண்ணிப் பார்த்தது. நோயாளி எவ்வளவு நாள் பிழைப்பார் என்பதை, கட்டி எத்தனையாவது நிலையில் இருக்கிறது என்ற வழக்கமான கணக்கைவிட அந்த எண்ணிக்கை நன்றாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் எங்களைப் போல தகடு பார்க்கிறவர்கள் நீலப் பொட்டுகளுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கத் தொடங்கினோம்.

பசறை அக்கா எழுதியது:

நான் பல் மருத்துவப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் செல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள், வெற்றிலைப் பையைப் பற்றி யாரும் பேசவில்லை. மகளே, அம்மா வெற்றிலை போடுகிறவரா? எழுதவில்லை, ஆனால் முப்பது வருடம் மலைக்குப் போனவர் என்றால் பெரும்பாலும் போட்டிருப்பார். குற்றம் சொல்லவில்லை. பசியும் குளிரும் அட்டைக்கடியும் தாங்கி எட்டு மணிநேரம் நிற்க அதுதான் துணை, எனக்குத் தெரியும், என் அம்மாவும் போட்டவர்.

நிறையப் பேர் புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான் என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை இல்லாத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் போட்டுவிட்டது. மேலே தம்பி நார், டிஜிஎஃப்-பீட்டா என்று எழுதியதைப் பாருங்கள், பாக்கு செய்வதும் அதேதான். பாக்கில் உள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டிவிடுகிறது, டிஜிஎஃப்-பீட்டாவைக் கூட்டுகிறது, பாக்கில் இருக்கும் செம்பு கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று முடிந்து இறுக்கும் நொதிக்கு வேகம் கொடுக்கிறது. கன்னம் உள்ளே வெளுத்து, தோல் மாதிரி விறைத்து, மிளகாய் பட்டால் எரிந்து, வாய் திறக்கும் அளவு வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். அதுதான் வாயின் சளிச்சவ்வுக்கு அடியில் நார் படிகிற நோய். அதில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்று வருகிறது. கட்டி வருவதற்குப் பல வருடம் முன்பே அந்த இடம் அதற்கு ஏற்றபடி மாறிவிடுகிறது, கொந்தரப்புத் தம்பி சொன்ன மண் இதுதான்.

மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் வெற்றிலை போடும் ஒவ்வொருவரையும். நுழையாவிட்டால் பல் கிளினிக்குக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் தழும்பு, சிவந்த திட்டு, இவற்றில் எது இருந்தாலும் களிம்போடு நிற்காதீர்கள். அம்மாவும் இனி ஒரு துண்டுப் பாக்குக்கூடத் தொடக் கூடாது. ஒப்பரேஷன் செய்த பக்கம் போனாலும் மற்றக் கன்னமும் அதே முப்பது வருடம் அதே பாக்கில் ஊறிய கன்னம்தான்.

டிக்கோயா மகள் எழுதியது:

அக்கா, அம்மா வெற்றிலை போடுகிறவர்தான், புகையிலையோடு. எழுத வெட்கமாக இருந்தது, யாராவது திட்டுவீர்களோ என்று பயந்தேன். ஒப்பரேஷனுக்குப் பிறகு விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன், உங்கள் பதிலை வாசித்ததும் கேட்டேன், தலையணைக்கு அடியில் வெறும் பாக்கு வைத்திருந்தார். புகையிலை இல்லையே, பரவாயில்லை என்று நினைத்தாராம். அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இன்று காலை மூன்று விரல் சோதனையை லயத்தில் நாங்கள் எல்லோரும் செய்து பார்த்தோம். மாவு டின் கொண்டுவந்த மாமாவுக்கு இரண்டு விரல்தான் போகிறது. மிளகாய் எரிச்சலும் இரண்டு வருடமாக இருக்கிறதாம், வயிற்றுச் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அம்மாவின் கிளினிக், வெள்ளன பஸ் பிடிக்க வேண்டும். மாமாவும் எங்களோடு வருகிறார், டின்னும் ரிப்போர்ட்டும் என் கையில் இருக்கும், டொக்டர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.